கதவில் படிந்த மூச்சு

காரின் ஓட்டுநர் பக்கக் கதவில் மறுபடியும் ஆவி படிந்திருந்தது. கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, கண்ணாடி முன் நின்று வாயால் ஊதினால் படியுமே, அதே மாதிரி ஒரு வெளிறிய வட்டம். அவள் துணியால் துடைத்தாள். போய்விட்டது. பாலிஷ் மெஷினோடு பானெட் பக்கம் போய்விட்டுத் திரும்பினால், அதே இடத்தில் அதே வட்டம்.

“என்னங்க, பெயிண்டுக்கு மேல அடிச்ச கிளியர் கோட் சரியா காயலையா?”

“அதெல்லாம் நல்லா காஞ்சிருச்சு. மழைக்காத்து, ஈரமா இருக்கும்.” கணவன் பின்சக்கரத்தருகே குந்தி மாஸ்கிங் டேப்பை உரித்துக்கொண்டிருந்தான். “பூதக்கண்ணாடிக்கு இன்னைக்கு வேற ஒண்ணும் சிக்கலையா?”

பட்டறையில் பெயிண்ட் அடிப்பது அவன்; மெருகேற்றி, பாதுகாப்புக்குக் கடைசிக் கோட்டிங் போட்டு அனுப்புவது அவள். முடியளவு கீறலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் கல்யாணமான புதிதில் அவன் வைத்த பட்டப்பெயர்தான் பூதக்கண்ணாடி. அவள் சிரிக்கவில்லை. ஈரமென்றால் கார் முழுக்கப் படிய வேண்டாமா?

இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கறுப்பு. கொண்டுவந்து விட்டவர் அதன்மேல் விரல்கூடப் படாமல் எட்டியே நின்றார். தம்பியுடைய கார் என்றார். தம்பி எங்கே என்று இவள் கேட்டாள். “காரைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். அப்புறம் காணோம்” என்றவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எல்லோரும் பளபளப்பாக வேண்டும் என்றுதான் கேட்பார்கள். இவர் கேட்டது வேறு. “நல்லா மூடிக் குடுங்க. ஊசிமுனை இடம்கூட விடாதீங்க.”

தகரக் கூரையில் மழை சீராக விழுந்துகொண்டிருந்தது; தின்னரின் நெடியும், சூடேறிய பாலிஷ் பசையின் மெழுகு வாடையும் வெளியே போகாமல் விளக்கைச் சுற்றியே கனத்து நின்றன. அவள் மெஷினை அணைத்தாள். வட்டம் சுருங்கியது. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, தன் மூச்சும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று.

“இங்க வாங்களேன்.”

அவள் குரலைக் கேட்டு உடனே வந்தான். துடைத்தான். வட்டம் திரும்ப வந்தது. கன்னம் கதவில் பட, தலையை வெளிச்சத்துக்குச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தான்.

“ஒண்ணும் இல்லம்மா, வெறும்...” நிறுத்தினான். “இரு. உள்ள ஏதோ அசையுது.”

“வேண்டாங்க. முகத்தை எடுங்க.”

“நீ போய் கோட்டிங் பாட்டிலை எடுத்துட்டு வா. போட்டு முடிச்சு அனுப்பிடுவோம்.” பேசும்போதும் அவன் பார்வை பெயிண்டை விட்டு விலகவில்லை.

உள்ளறை அலமாரியில் பாட்டிலைத் தேடியபோது மழை வலுத்தது. வேறெதுவும் காதில் விழவில்லை. திரும்பி வந்தாள். கார் மட்டும் இருந்தது. அவன் தோளில் கிடந்த துண்டு கதவருகே தரையில்.

“என்னங்க?”

ஷட்டர் பாதி திறந்திருந்தது. டீ வாங்கப் போயிருப்பான். இந்த மழையிலா? போயிருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

கதவைப் பார்த்தாள்.

இரண்டு வட்டங்கள். ஒன்று பழையபடி மெதுவாக. இன்னொன்று புதிது. பெரிது. வேகவேகமாக விரிந்து சுருங்கியது, ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதைப் போல.

மூட வேண்டும். அது மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. பஞ்சில் கோட்டிங்கை ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது. பழைய வட்டத்தின் மேல் தேய்த்தாள். அடங்கியது. புதிய வட்டம் நகர்ந்தது. கைப்பிடிக்கு மேலே. அங்கே தேய்த்தாள். முன்சக்கரத்துப் பக்கம். அங்கேயும். எங்கே போனாலும் அவள் பஞ்சு துரத்தியது. கடைசியில் கதவின் மூலையில், விரல்நுனி அளவுக்குச் சிறுத்து, படபடவென்று துடித்தது.

அங்கேயும் தேய்த்தாள்.

நின்றது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நிமிடங்களில் இறுகிவிடும் கோட்டிங் அது. இறுகிய பின் எந்த ரசாயனத்துக்கும் இளகாது. இனி எதுவும் வெளியே வராது. அப்பாடா என்றிருந்தது. அவன் வந்ததும் காரை வெளியே தள்ளிவிடச் சொல்ல வேண்டும்.

எங்காவது விட்டிருக்கிறதா என்று பார்க்க, பழக்கத்தில், கைவிளக்கைத் தூக்கிக் கதவருகே பிடித்தாள்.

கறுப்புக்குள் அவள் முகம். அவள் விளக்கு.

அவள் முகத்துக்கும் முன்னால், இன்னும் கிட்டத்தில், அவன்.

இரண்டு உள்ளங்கைகளும் அந்தப் பக்கமிருந்து அழுந்தி வெளுத்திருந்தன. கண்கள் அவளையே பார்த்தன. வாய் அகலத் திறந்து மூடியது. அவளைத்தான் கூப்பிடுகிறான்.

கதவில் ஒரு பொட்டு ஆவிகூடப் படியவில்லை.