பிழிந்த சாலட்

"யார் இதைப் பிழியச் சொன்னது?"

நீலவேணி ஆங்கிலத்தில்தான் கேட்டாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எதிரே நின்றவனுக்கு.

சமையலறை மேசையில் பெரிய கிண்ணம். அதற்குள் காரட்டும் முள்ளங்கியும், பெருஞ்சீரகம் மணக்கும் ஃபெனல் குமிழ்களும். எல்லாம் காகிதம் போல மெல்லிதாகச் சீவி, உப்பும் எலுமிச்சையும் போட்டு, கையால் இறுக்கிப் பிழிந்து... நனைந்த துணி மாதிரிக் கிடந்தன.

குகதாசன் கையைத் துடைத்தான். ஏஜென்சி அன்று ஒரு நாளைக்கு அனுப்பிய ஆள். தலையைக் குனிந்துகொண்டு தனக்குள் தமிழில் முணுமுணுத்தான்.

"பிழியாமல் ஆர் சம்பல் செய்யிறது... முகத்தைப் பார், காலமை பச்சை மிளகாய் கடிச்ச மாதிரி."

"மிளகாய் கடிக்கல. இன்னும் டீயே குடிக்கல," என்றாள் அவள், தமிழில்.

அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அவள் அவன் கண்களைப் பார்த்தாள். தூக்கம் போதாத, சிவந்த கண்கள். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவை... இதையெல்லாம் கவனிக்க இதுவா நேரம்?

"நீங்கள் தமிழோ? பேட்ஜில 'நீலா' எண்டு கிடந்தது. ஸ்பெயின்காரியாக்கும் எண்டு நினைச்சன்."

"கிள்ளான். மலேசியா. போதுமா? இது சம்பல் இல்லைலா. சாலட். கடிச்சா நறுக்குன்னு சத்தம் வரணும்."

"உப்பையும் தேசிக்காயையும் பக்கத்தில வைச்சு, ரெடி பண்ணுங்கோ எண்டிட்டு நீங்கள் போன் எடுக்கப் போனியள். எங்கட வீட்டில பச்சைக் காய் எண்டால் முதல் வேலை பிழியிறதுதான். பிழியாட்டி மேசையில வைச்சு அஞ்சு நிமிசத்தில தண்ணி விட்டிடும்."

அவன் சொன்னது உண்மை. போனும் உண்மை, உப்பும் உண்மை.

மேலே ஐந்தாவது மாடியில் கம்பெனி டைரக்டர்களுக்கு மதிய விருந்து. முதல் தட்டு இந்த இலையுதிர்கால சாலட். அதைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தவர் கம்பெனித் தலைவர். இந்தச் சமையலறையில் நீலவேணியின் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. விருந்து நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம், விசாவும் நீளும். இல்லாவிட்டால் அவள் கிள்ளானுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னாள். ஏன் இவனிடம் சொன்னோம் என்று உடனே எரிச்சலும் வந்தது.

கதவு திறந்தது. மேனேஜர் மிஸஸ் பிரிச்சர்ட். கிண்ணத்தை ஒருமுறை பார்த்தார். ஒரு முள்ளங்கித் துண்டை விரலால் தூக்கினார். அது தொங்கியது.

"யார் செய்தது?"

குகதாசன் வாயைத் திறந்தான்.

"நான்தான் இப்படிச் செய்யச் சொன்னேன்," என்றாள் நீலவேணி. "என் தவறு."

"விருந்து முடிந்ததும் என் அறைக்கு வா." செருப்புச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது.

"உங்களை ஆர் சொல்லச் சொன்னது?" அவன் குரல் தடித்தது. "நான் என்ன குழந்தையோ?"

"சண்டை அப்புறம். அதைத் தூக்கி எறிஞ்சிட்டு இப்போ புதுசா சீவுங்க."

மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். ஒரு ஃபெனல், பாதிச் சிவப்பு முட்டைக்கோஸ், செலரி, பீட்ரூட். பழங்கள் மட்டும் பெட்டி நிறைய: ஆப்பிளும் பேரிக்காயும். அவள் பெரிய தொட்டியில் ஐஸைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அவன் சீவுபலகையில் ஃபெனலை இழுத்தான். மெல்லிய துண்டுகள் பனித்தண்ணீரில் விழுந்து, கொஞ்ச நேரத்தில் சுருண்டு விறைத்தன.

"பாருங்கோ... உயிர் வந்த மாதிரி நிமிருது."

"பேசாம சீவுங்க. விரல் போயிடும்."

"விரல் போனாலும் 'நான்தான் வெட்டச் சொன்னன்' எண்டு மேனேஜரிட்டச் சொல்லுவியள்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஆப்பிளை அவள் சீவினாள். கறுக்காமல் இருக்க எலுமிச்சை நீரில் போட்டாள். இருவர் முழங்கைகளும் இடித்துக்கொண்டன. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சுவரில் கடிகாரம் ஓடியது. சாயம் ஒட்டாமல் இருக்கப் பீட்ரூட்டைக் கடைசியில் தனியாகச் சீவினான். அவள் வால்நட்டை வறுத்தாள். வாசம் வந்த அந்த நொடியில்தான் அவளுக்குப் பசியே தெரிந்தது.

"உப்பு?" என்றான்.

"லிஃப்ட்ல போட்டுக்கலாம். அது வரைக்கும் தொடாதீங்க, தண்ணி விட்டுடும்."

லிஃப்டுக்குள் அவன் தட்டுகளைப் பிடிக்க, அவள் எண்ணெய் விட்டு உப்புத் தூவினாள். உப்பில் பாதி அவன் கையில் விழுந்தது. அவன் தட்டுகளை அவள் பக்கம் இன்னும் தள்ளிப் பிடித்தான். அதற்காகவே அவளுக்கு அவனைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

விருந்து அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். முதலில் கத்திகளும் முள்கரண்டிகளும். பிறகு... நறுக். நறுக். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கடிக்கும் சத்தம். நீலவேணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். திறந்தபோது அவன் இல்லை.

அவள் கீழே ஓடி வந்தபோது மேனேஜர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவனுடைய உடைந்த ஆங்கிலம் கேட்டது. பிழிந்தது நான், அந்தப் பெண் சொல்லவில்லை, அவள் பொய் சொன்னாள், அவளை வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸஸ் பிரிச்சர்டுக்கு யார் பிழிந்தார்கள் என்பதில் பெரிய அக்கறை இல்லை. மேலே தட்டுகள் காலி. நீலவேணியின் வேலையை உறுதி செய்தார். குகதாசனை இனி இங்கே அனுப்ப வேண்டாம் என்று ஏஜென்சிக்கு போன் செய்தார். இரண்டும் ஒரே மூச்சில் முடிந்தது.

வெளியே மழை. கிழக்குக் குரோய்டன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஐஸ்கிரீம் டப்பா. அவள் குடையில்லாமல் வந்து நின்றாள். இமையில் மழைத்துளிகள். துடைக்கவில்லை.

"உங்களை யாரு சொல்லச் சொன்னது?"

"அதை நான் முதல் கேட்டிட்டன். நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லை."

"வேலை போச்சே உங்களுக்கு."

"வேறை கிச்சினுக்கு அனுப்புவாங்கள். அனுப்பாட்டி வேறை ஏஜென்சி. எனக்கு வேலைதான் போகும். நீங்கள் ஊருக்கே போக வேண்டி வந்திருக்கும்." டப்பாவைத் திறந்தான். காலையில் பிழிந்தது. எங்கிருந்தோ தேடி நறுக்கிய பச்சை மிளகாயும் கிடந்தது. "எறியச் சொன்னனீங்கள். எறிய மனம் வரேல்லை."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலால் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். புளிப்பு, உப்பு, காரம்... கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்தான். பெரும்பாலும் மிளகாய்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் கோபமாக. "இதை ஏன் காலையில யாரும் எனக்குக் குடுக்கல?"

"நீங்கள் குடுத்தால் சாப்பிடுற முகத்தோடயோ நிண்டனீங்கள்?"

ரயில் வந்தது. அவனுடைய ரயில். அவன் எழும்பவில்லை. கதவுகள் மூடின, ரயில் நகர்ந்தது.

"போயிடுச்சே," என்றாள்.

"போகட்டும்."

"நாளைக்கு எங்க இருப்பீங்க?"

"வேலை இல்லை. நீங்கள் முடிஞ்சு வாற நேரம் இதே பெஞ்சில இருப்பன்."

"மழை பெஞ்சா?"

"விசாவுக்கு இதே குரோய்டனில விசா ஆபீஸ் வாசலில விடிய விடிய மழையில கியூ நிண்டனான். அப்ப உள்ள விடுவாங்களோ எண்டு தெரியாது. இப்ப நீங்கள் உள்ள விடுவியளோ எண்டும் தெரியாது..."

"இன்னிக்குக் காலை வரைக்கும் இந்த நாட்டுல இருக்க எனக்கு வேலைதான் காரணம்," என்றாள் அவள், டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "இப்ப அது மட்டும் இல்லை."

அவன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு, விலை சொல்வது போல நேராகச் சொன்னான்.

"எனக்கு உங்களில விருப்பம்."

அவள் மென்றுகொண்டுதான் இருந்தாள். பிழிந்த சாலட் கடித்தால் சத்தம் போடாது. அதனால் ஒரு சொல்லும் தவறவில்லை.

"கேட்டுச்சு," என்றாள். "நாளைக்கும் மிளகாய் போட்டு எடுத்துட்டு வாங்க."