பத்து விரல்களும் ஒரு ஜாகாவும்

ஜொகூர் பாருவில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அந்தச் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. யாரிடமும் படிக்காமல் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள் செய்த பொருள்கள்தான் அங்கே இருக்கும். பாட்டில் மூடியில் ஒரு மயில். பழைய டயரில் ஒரு முதலை. நடுவில், ஐயாசாமி மாமா சிமெண்டில் செய்த ஜாகா.

ஜாகா என்றால் காவல்காரர். தெப்ராவில் மாமா வேலை செய்யும் தொழிற்சாலையின் வாசலில் ஒரு ஜாகா இருக்கிறார். அவரைப் பார்த்துத்தான் மாமா இந்தச் சிலையைச் செய்தார். முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் தடி. ஓர் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் அதற்கே போயின.

மாமாவோடு அதைப் பார்க்கப் பத்து வயது சாந்தினி ஆசையாக வந்தாள். வந்து பார்த்தால், ஜாகாவின் நெற்றியில் குங்குமம்! காலடியில் இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு முழம் மல்லிகை.

"என்ன மாமா இது?"

மாமாவின் முகம் வாடிவிட்டது. "முனியாண்டி சாமின்னு நெனச்சிட்டாங்க போல."

"தெனமும் இதே கதைதான் லா," என்றார் அருங்காட்சியக அதிகாரி கோமளா. "தொட்டுத் தொட்டுக் கால்ல பெயிண்டே போயிடுச்சு. அடுத்த வாரமும் இப்படின்னா, ஸ்டோர்லதான் வைக்கணும். மேலிடத்துல சொல்லிட்டாங்க."

மாமா செய்த ஒன்றை நாலு பேர் வந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"சாமி இல்லன்னு எழுதி வைக்கலாமே, அக்கா?" என்றாள் சாந்தினி.

"மூணு மொழியில எழுதி வெச்சிருக்கோம்மா. கும்பிட்டு முடிச்சிட்டுத்தான் படிக்கிறாங்க!"

சாந்தினி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தாள். ஒரு பெரியவர் வந்தார். மீசையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், சிலையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்து வந்த பெண்ணும் அப்படியே செய்தாள். எல்லாருடைய கையும் நேராகக் காலுக்குத்தான் போனது.

"மாமா, அந்த ஜாகா வெறுங்காலோடவா வேலைக்கு வருவாரு?"

"சேச்சே! கறுப்பு பூட்ஸ் போட்டிருப்பாரு. பளபளன்னு இருக்கும்."

"அப்புறம் ஏன் இவருக்கு மட்டும் பூட்ஸ் இல்ல?"

மாமா நெளிந்தார். "எனக்கு விரல் செய்ய ஆசையா இருந்திச்சு. பத்து விரலுக்கும் நகம் வெச்சிருக்கேன், பாத்தியா? அதுக்கு மட்டும் ரெண்டு மாசம்."

உண்மைதான். சுண்டுவிரல் நகம்கூட அத்தனை அழகாக இருந்தது. சாந்தினிக்குச் சொல்லவே மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"பூட்ஸ் போட்டுடலாம் மாமா."

"அலமாக்! விரலெல்லாம் மறைஞ்சிடுமே!"

"முதல்ல போட்டோ எடுத்துக்கலாம். அதப் பக்கத்துலயே மாட்டச் சொல்லலாம்."

மாமா குனிந்து அந்தச் சுண்டுவிரல் நகத்தை ஒருமுறை தடவினார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டினார். சாந்தினி தரையில் படுத்துக்கொண்டு, பத்து விரல்களும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்தாள்.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. கோமளா கதவைத் திறந்துவிட, மாமா சிமெண்டைக் குழைத்துப் பூசி, பூட்ஸ் செய்து, கறுப்புச் சாயம் அடித்தார். மறக்காமல் பூட்ஸுக்குக் கயிறும் கட்டிவிட்டார். நெற்றிக் குங்குமத்தையும் துடைத்தார்.

சனிக்கிழமை இருவரும் மறுபடி வந்தார்கள். சுவரில் பத்து விரல்களின் படம் தொங்கியது. மாமா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பயம்தான்.

கையில் பூச்சரத்தோடு ஓர் அம்மா வந்தார். மீசையைப் பார்த்ததும் கைகள் மெல்ல மேலே எழுந்தன. அந்த அம்மா கீழே பார்த்தார். பளபளவென்று பூட்ஸ். எழுந்த கைகள் அப்படியே இறங்கின.

அவர் சிலையின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"அண்ணே, டாய்லெட் எந்தப் பக்கம்?"

சிமெண்டு ஜாகா பதில் சொல்லவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து மாமாதான் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்து, அந்த அம்மாவை வாசல்வரை கூட்டிப்போய் வழி காட்டினார்.