பூஜ்ஜியத்தில் வைத்த மஞ்சள்

ஜன்னல் மட்டும் மஞ்சளாக இல்லை.

கம்ப்யூட்டரில் பார்த்தால் மஞ்சள்தான். அவள் வரைந்த லோகோவில் ஒரு வீடு, சிவப்புக் கூரை, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு விளக்கெரியும் ஒரே ஜன்னல். கையடக்கத் திரையில் ஏற்றி ஸ்விட்சைப் போட்டால் வீடு வந்தது, கூரை வந்தது, ஜன்னலில் மட்டும் சாம்பல் நிறத்தில் என்னவோ தெரிந்தது. சில நொடிகளில் லோகோ மறைந்து கேமராவின் நேரடிப் படம் வந்தது: உள்ளறை, கட்டில், குப்புறப் படுத்துத் தூங்கும் அவள் மகள்.

தூங்கும் குழந்தையை அடுத்த அறையிலிருந்து பார்த்துக்கொள்ள உதவும் சாதனம் அது. போட்டதும் முதலில் தெரியும் லோகோவை வரைவது அவள் வேலை. மலிவான திரை, பூஜ்ஜியத்திலிருந்து பதினைந்து வரை நம்பர் போட்ட பதினாறு நிறத்துக்கு மேல் அதற்குத் தெரியாது. அந்தப் பதினாறுக்குள் ஒரு சூரிய அஸ்தமனமும் வேண்டும் என்று கேட்ட மேனேஜரைச் சமாளிப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சோதித்துப் பார்க்க ஊரான் பிள்ளையைக் கேட்க முடியுமா? சொந்த வீட்டிலேயே கேமராவை மாட்டியிருந்தாள்.

கணவர் வெளியூரில் இருந்தார். மழை பிடித்துக்கொண்டதில் சாயங்காலமே வீடு இருட்டிவிட்டது. ஆபீசில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் ப்ரோகிராமருக்குப் போன் செய்தாள். பாதி சொல்வதற்குள் அவன் சிரித்துவிட்டான்.

"மஞ்சளைக் கொண்டுபோய் பூஜ்ஜியம் நம்பர்ல வெச்சிருக்கீங்கக்கா. அது கலரே இல்ல, ஓட்டை. பின்னாடி இருக்கறது அப்படியே தெரியும்."

"பின்னாடி என்ன இருக்கு? கேமராதான் இன்னும் ஆன் ஆகலையே."

"போன தடவை ஆஃப் பண்ணினப்ப கேமரா கடைசியா பார்த்தது மெமரியில ஒட்டிக்கிட்டிருக்கும். மஞ்சளை வேற நம்பருக்கு மாத்துங்க, ஜன்னல் மூடிடும்."

மாற்றுவதற்கு முன் இன்னொரு தடவை அணைத்துப் போட்டாள். வெறும் ஆர்வம்தான். ஜன்னலுக்குள் கட்டில் கம்பி, மகளின் முதுகு, பின்னால் அறைக்கதவு. கட்டிலின் பக்கத்தில் உயரமாக ஒன்று நின்றுகொண்டிருந்தது.

உள்ளறைக்கு ஓடினாள். மழைநீர் குழாயில் களகளவென்று இறங்கும் சத்தமும், மின்விசிறியின் கிறீச்சும், காயாத துணியின் புழுங்கல் வாடையும், அதற்கு அடியில் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே அந்த மாதிரி ஒரு பழைய நெடியும் தவிர அங்கே ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கொக்கியில் ஒரு சட்டைகூடத் தொங்கவில்லை. மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

திரும்பி வந்து கண் கொட்டாமல் நேரடிப் படத்தையே பார்த்தாள். யாருமில்லை. கண் எரிந்தது. யாருமில்லை. அணைத்தாள். போட்டாள்.

அது குனிந்திருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது வருவதில்லை. திரை அணையும் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறது. நிறத்தை மாற்றிவிட்டால் ஜன்னல் மூடிவிடும், எதுவும் தெரியாது. தெரியாவிட்டால் இல்லாமல் போய்விடுமா? மறுபடி அணைத்தாள், போட்டாள்.

கட்டில் காலி.

ஆனால் லோகோ போனதும் வந்த படத்தில் மகள் அதே இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரையோடு ஓடினாள். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். கனம். சூடு. கழுத்தில் மூச்சு. போன உயிர் திரும்பி வந்தது. எப்போது தூக்கினாலும் சிணுங்குகிறவள் இன்றைக்குச் சிணுங்கவில்லை. நல்ல தூக்கம் போல. வழக்கம்போல முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இப்போதே வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு தடவை. குழந்தை தன் கையில் இருப்பதை அந்த ஜன்னலும் காட்டிவிட்டால் போதும். கேமராவுக்கு எதிரே நின்றாள். கட்டைவிரலால் அணைத்தாள்.

போட்டாள்.

வீடு வந்தது. கூரை. ஜன்னல்.

ஜன்னலுக்குள் அவள் நின்றிருந்தாள். ஒரு கையில் திரை. இன்னொரு கை மார்போடு மடங்கியிருந்தது. மடங்கிய கைக்குள் எதுவுமே இல்லை.

அவளுக்குப் பின்னால், கதவருகே, அது வெளியே போய்க்கொண்டிருந்தது. அதன் தோளில் அவள் மகள். கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்த்து ஒரு கையை நீட்டியிருந்தாள்.

லோகோ மறைந்தது. நேரடிப் படத்தில் அவளும், அவள் தோளில் தூங்கும் குழந்தையும்.

அவள் அசையவில்லை. கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றிருந்தது.

பிறகு ஒரு சின்னக் கை மெல்ல அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.