நின்றிருக்க வேண்டிய கடிகாரம்

"எதுவும் காணாமப் போகல சார். அதுதான் பயமா இருக்கு."

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். வந்தவள் உட்காரவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கணவன் இறந்து ஏழு மாதம். கொண்டுவந்த பெட்டியை மேசைமேல் திறந்தாள். உள்ளே ஒரு கைக்கடிகாரம். பேர்பெற்ற பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் நினைவாக முந்நூறே முந்நூறுதான் செய்தார்களாம். ஆழம் காட்டும் கருவியைப் போலவே முகப்பு. அந்தக் கப்பலில் எஞ்சின் பார்த்தவன் அவள் கணவன்.

"கையில கட்டினாத்தான் ஓடும். கழட்டி வச்சா ரெண்டு நாள்ல நின்னுடும். அவர் போனதுலேர்ந்து பீரோவுலதான் இருக்கு. நேத்து ராத்திரி திறக்கறேன், ஓடுது."

"தூக்கறப்போ குலுங்கியிருக்கும்!" என்று முந்திக்கொண்டான் துப்பறிவாளரின் மச்சினன்.

"குலுங்கினா ஓடும். மணியுமா சரியாக் காட்டும்?"



"வீட்ல வேற யாரு?" என்றார் துப்பறிவாளர்.

"மாடியில பல் டாக்டர் குடியிருக்கார். இதை விலைக்குக் கேட்டு நச்சரிச்சவர். இன்னிக்கே காலி பண்ணச் சொல்லிட்டேன். கீழ மாமனார். இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. பெத்த பிள்ளை போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல சார். அவரை முதியோர் இல்லத்துல சேர்த்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது போயிடப் போறேன்."

துப்பறிவாளர் கடிகாரத்தின் கித்தான் பட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். ஆறு துளைகள். ஐந்துக்கு உலோக வளையம். கடைசித் துளைக்கு வளையமில்லை; விளிம்பைச் சுற்றி நூல் நெருக்கமாக ஓடியிருந்தது.

"வீட்டுக்குப் போவோம்" என்றார்.

அங்கே பல் டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஆள் சிக்கிட்டார் அத்தான்!" என்று கிசுகிசுத்தான் மச்சினன்.

"அவர் கையைப் பாருடா, உலக்கை மாதிரி இருக்கு. அந்தக் கடைசித் துளை ஒரு குச்சிக் கைக்குப் போட்டது."

கீழறையில் மாமனார் ஜன்னலைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூலையில் துணி போர்த்திய தையல் மெஷின்.

துப்பறிவாளர் தணிந்த குரலில் சொன்னார்: "வந்த துளை பத்தாம இவர் புதுசா ஒண்ணு போட்டிருக்கார். நாமளா இருந்தா ஆணியால ஒரு குத்து, முடிஞ்சது வேலை. இவருக்குப் பிசிறு தாங்கல. சட்டைப் பொத்தானுக்கு எடுக்கற மாதிரி சுத்தி நூல் ஓட்டி காஜா எடுத்துட்டார். ஒளிஞ்சு செய்யறப்பவும் தையற்காரர் கை அரைகுறையா விடாது."

"நீங்களா மாமா?"

பெரியவர் திரும்பவில்லை. "நீ வேலைக்குப் போனதும் கட்டிக்குவேன். வர்றதுக்குள்ள வச்சிடுவேன்."

"எதுக்கு?"

"கடலுக்கடியில போனா அவன்கிட்டேர்ந்து மாசக்கணக்கா சேதி வராது. எனக்கு அது பழக்கம்தான். இது ஓடிட்டிருந்தா, இன்னும் கீழதான் இருக்கான், மேல வரலன்னு நினைச்சுக்கலாம். அழுதுட்டா, வரவே மாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்மா."

அவள் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீதான் என்கிட்டப் பேசறதே இல்லையே."

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துப்பறிவாளர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

"டாக்டர் சார், மன்னிச்சுக்குங்க. பெட்டியெல்லாம் மேலயே ஏத்திடுங்க!" என்று அவள் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள்.

"முதல் தடவை அவர் கடலுக்குப் போனப்போ நீங்க என்ன பண்ணீங்க மாமா?"

பெரியவர் சொல்லத் தொடங்கினார். பாதி சொல்லும்போதுதான் அழுகை வந்தது.