பதினைந்து ஆம்பியரைத் தாண்டாதே!

ஃபோன் அலறியது.

பேட்டரி கம்பெனியின் சின்ன முதலாளி எடுத்தான்.

"தம்பி...!" அண்ணியின் குரல் உடைந்தது. "ஆக்ஸிஜன் மெஷின் நின்னுபோச்சு! உங்க அண்ணன்..."

காரில் பறந்தான்.

வீட்டில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். கட்டிலில், முகத்தையும் மூடிய வெள்ளைத் துணிக்குள் அண்ணன். அப்பா போனபின் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன்!

"அண்ணா...!" தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னிக்குப் பகல் பூரா கரண்ட் இருக்காதுன்னு தெரியும்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார். மெஷினை இன்வர்ட்டர்லதான் மாட்டியிருந்தோம். பேட்டரி கவுத்துடுச்சு."

"நாலு பெரிய பேட்டரி. மெஷின் இழுக்கிறது எட்டே ஆம்பியர். சாயங்காலம் வரைக்கும் அசையக் கூடாதே?"

"மட்டமான பேட்டரி சார்... அந்த லாட்டே மட்டம்."

அண்ணி வெடித்தாள்.

"உங்கப்பா பேரு போட்ட பேட்டரி தம்பி! உங்க வாயாலயா இதைச் சொல்றீங்க?"

"உண்மையைத்தானே அண்ணி சொல்ல முடியும்?"

"பேட்டரியைத் தொட்டுப் பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

தொட்டான். வெடுக்கென்று கையை இழுத்தான்.

கொதித்தது!

"பதினஞ்சு ஆம்பியருக்கு மேல இழுக்காதீங்கன்னு நீங்களே மேல அச்சடிச்சிருக்கீங்க. யாரோ அம்பது இழுத்திருக்காங்க. அப்படி விரட்டினா பாதி வழியிலேயே சுருண்டுடாதா?"

"யா... யாரு இழுத்தா?"

"பூட்டியிருந்த உங்க மாடி ரூமை உடைச்சோம். ஆளில்லாத ரூம்ல ரெண்டு ஹீட்டர். ரெண்டும் இன்வர்ட்டர் லைன்ல. சுவிட்ச் ஆன்!"

தம்பி அண்ணியைக் கைகாட்டினான்.

"அண்ணிதான் சார்! அவங்ககிட்டயும் சாவி இருக்கு!"

"சோறு போட்ட கைக்கு விலங்கா தம்பி...?"

அப்போது...

வெள்ளைத் துணி அசைந்தது!

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். மூக்கில் குழாய். கட்டிலுக்கடியில் சிலிண்டர்.

தம்பி வீறிட்டான்.

"மெஷின் நின்னதுமே உங்கண்ணி சிலிண்டரை மாட்டிட்டா. நீ வந்து என்ன சொல்றேன்னு பார்க்கத்தான் படுத்திருந்தேன்," என்றார் அண்ணன். "கம்பெனியை விக்க மாட்டேன்னேன். அதுக்குத்தானே? நேரா என் கழுத்தை நெரிச்சிருக்கலாமே... அப்பா பேரை எதுக்குடா நாறடிச்சே?"

"மன்னிச்சிடுங்கண்ணா!" காலில் விழுந்தான்.

அண்ணன் காலை இழுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. முதுகு வளையவில்லை.

"இன்ஸ்பெக்டர்! கொலை முயற்சிக்கு ஒரு கேஸ் போடுங்க. கேரண்டி முடியாத நாலு பேட்டரியைக் கொன்னிருக்கான்... அதுக்குத் தனியா ஒண்ணு போடுங்க!"