சாயல்காரி நல்லவள்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் மணிக்கட்டில் அச்சமானியைக் கட்டிக்கொண்டு கதைச்சுவரின் முன் உட்கார வேண்டும். நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறினால் போதும், சுவரில் ஓடும் கதை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். பேய்க்குப் பல் கொட்டிவிடும். பாழுங்கிணறு பூந்தோட்டமாகிவிடும். எந்த வீட்டிலும் பிள்ளை அலறி எழுந்து பல வருடங்களாகிவிட்டன. பெற்றோர்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

ஜெபசீலி கதைக் காப்பு வாரியத்தில் மென்மையாக்குநர். சுவரால் திருத்த முடியாத பழைய நாவல்களைக் கையால் தழுவித் தருவது அவள் வேலை. அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது 'சாயல்காரி' என்ற சிறுவர் நாவல். மாடிப்படிக்குக் கீழே வசிக்கும் சாயல்காரிக்குச் சொந்தக் குரல் கிடையாது. அம்மாவின் குரலில் பிள்ளையைக் கூப்பிடுவாள். போன பிள்ளை திரும்பாது. நாடகமாக்கியவர்கள் அவளுக்கு ஒரு பாட்டுக் கொடுத்தார்கள். சினிமாக்காரர்கள் ஒரு சோகமான இளமைக்காலம் கொடுத்தார்கள். ஜெபசீலியோ, கையில் பாயசக் கிண்ணத்தையே கொடுத்துவிட்டாள். ஓர் அச்சமானிகூட ஒலிக்கவில்லை என்று வாரியம் விருது தந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், அலுவலகத்தில் இருந்தவளைக் குடியிருப்பின் வாட்ச்மேன் அழைத்தார்.

"எம்மா, ஒங்க மவ கேட்டுக்கு வெளிய ஒரு கார்ல ஏறப் போச்சு. நான் கையப் புடிச்சு நிறுத்திட்டேன். காரு பறந்துட்டு."

போலீசுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஒன்பது வயது ஷெரின் சோபாவில் பூனையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாரு கூப்பிட்டுப் போன?"

"நீங்கதான். கதவுக்கு வெளிய நின்னு, 'ஷெரின், கீழ வா, கார்ல ஏறு'ன்னீங்க."

குரல்நகல். யாரோ இவள் குரலைத் திருடிக் கதவருகே ஒலிக்கவிட்டிருக்கிறார்கள்.

"கீழ போனா நான் இல்லேல்லா? பயமா இல்லயாட்டி?"

"எதுக்குப் பயம்? சாயல்காரியா இருக்கும்னு நெனச்சேன். அவ நல்லவதானே."

ஜெபசீலி விருதை எடுத்து அலமாரிக்குப் பின்னால் தள்ளினாள்.

அன்று இரவு கதைச்சுவரை அணைத்துவிட்டு மூல நாவலை அவளே சொன்னாள். அதில் வரும் சிறுமியின் அம்மா, எல்லா அம்மாக்களையும் போல, கூப்பிடும்போது வீட்டிலுள்ள மற்றவர்களின் பெயரையெல்லாம் சொன்ன பிறகுதான் மகளின் பெயருக்கு வருவாள்.

"நம்ம வீடு மாதிரியே!" என்று சிரித்தாள் ஷெரின். ஜெபசீலியும் ஹாஸ்டலில் இருக்கும் மகனையும் பூனையையும் கூப்பிட்டுவிட்டுத்தான் இவளிடம் வருவாள். "ஆல்வினே, பிஸ்கட்டே, ஷெரினே!"

"ஆமா. ஒரு நாள் படிக்குக் கீழேருந்து அம்மா குரல் கேக்குது. மொதத் தடவையே இவ பேரச் சரியாச் சொல்லுது."

ஷெரினின் சிரிப்பு நின்றது. அச்சமானி கத்தியது. பிள்ளைகளின் துடிப்பு எகிறும் இடம் என்று ஜெபசீலி முதலில் வெட்டியது இந்தக் காட்சியைத்தான். அச்சமானியைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். வாரியத்துக்குத் தகவல் போயிருக்கும், வேலையும் போய்விடும். கதையைக் கடைசிவரை சொன்னாள். ஷெரின் அழுது, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

மறுநாள் மாலை, மகளை உள்ளே தாழ்போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜெபசீலி பால் வாங்கக் கீழே போனாள். வழியெல்லாம் மகள் நினைப்புத்தான். ஆல்வின் நினைவில் இல்லை, பூனை நினைவில் இல்லை. திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

"ஷெரின், கதவத் தொற."

பெயர் பிசகாமல் வந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. தான் செய்தது பிறகுதான் உறைத்தது.

"ஆல்வினே... பிஸ்கட்டே... ஷெரினே..."

"அம்மா கூப்பிடுததக் கேட்டுப் படிச்சிட்டுச் சொல்லுத," என்றது உள்ளிருந்து ஒரு நடுங்கும் குரல். "நீ எங்கம்மா இல்ல."

"அம்மாதான் மக்களே. என்னப் பாரு."

வெகுநேரம் கழித்துக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. இடுக்கில் ஒரு கண் அவள் முகத்தைப் பார்த்தது, பால் பாக்கெட்டைப் பார்த்தது, மறுபடியும் முகத்தைப் பார்த்தது. நேற்றுவரை ஓடிவந்து இடுப்பில் தொற்றிக்கொண்ட பிள்ளை. அவள் பயப்படக் கற்றுக்கொண்டதில் ஜெபசீலிக்கு நிம்மதிதான். தன்னைப் பார்த்துப் பயப்படுவதைத்தான் தாங்க முடியவில்லை.

சங்கிலியை எடுக்கச் சொல்லி அவள் வற்புறுத்தவில்லை. மகள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.