பொட்டு ஒட்டிய காது

காலை 8.10. தேவராஜ மொஹல்லா பேட்டையின் ஒரு மாடி வீட்டில் மகேஸ்வரி இறந்து கிடந்தாள். முந்தின நாள் பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் குழியிலிருந்து விடிய விடிய வழிந்த ரத்தத்தில் தலையணை ஊறியிருந்தது.

கணவன் முரளிதரன் மார்க்கெட்டில் பூ வியாபாரி. அவளுக்குத் தாய்மாமனும் அவன்தான். அவன் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. நடுவே, பதினோரு மணிக்குள் உடலை எடுத்துவிட வேண்டும் என்று பறந்தான்.

அந்த அவசரம், தகவல் கேட்டு வந்த சப்-இன்ஸ்பெக்டர் கனகாவுக்குப் பிடிக்கவில்லை. உடல் எரிந்துவிட்டால் வழக்கும் போய்விடும். மூன்று வயது மகள் மனிஷா இவன் கையில் வளர்வாள்.

"ரத்தம் நிக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டியா?"

"தூங்கிட்டேன் மேடம்."

"அவளுக்கு ஏதாவது வியாதி?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

9.00. பிரசவம் பார்த்த டாக்டர் சீனிவாசன் ஸ்பீக்கர் போனில் சொன்னார்: "அப்பவே நிறைய ரத்தம் போச்சு. போன வருஷக் கடைசியிலதான் டெஸ்டுக்கு வந்தாங்க. எல்மேன்1 மரபணுவில கோளாறு. ரத்தம் உறைய வைக்கிற புரதம் செல்லுக்குள்ள தயாராகுது. அதைச் சுமந்து வெளியே கொண்டுவர ஆள் இல்ல. பல் பிடுங்கினாக்கூட ஆபத்து, இன்னொரு பிரசவம் வேண்டாம்னு சிவராத்திரிக்கு முந்தின நாள் புருஷன் போனுக்கு மெசேஜ் அனுப்பினோம்."

"நான் பார்க்கவே இல்ல மேடம். தினம் நூறு மெசேஜ் வருது," என்றான் முரளிதரன்.

கனகாவின் கண் குழந்தையிடம் போனது. இரண்டு காது மடலிலும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"காது குத்தலையா?"

மகேஸ்வரியின் தாய் பொன்னம்மா, முரளிதரனுக்கு அக்கா, மூக்கைச் சிந்தினாள். "பத்திரிகை அடிச்சுக் கொள்ளேகாலம் பூராக் குடுத்துட்டமுங்க. திடீர்னு தம்பி வேண்டாம்னுட்டான். மகேசுதான் ஆசைக்குப் பொட்டு ஒட்டி உடுவா."

"என்னைக்கு வேண்டாம்னான்?"

"சிவராத்திரி அன்னைக்குத்தானுங்க."

முரளிதரனின் அழுகை நின்றது.

"மெசேஜை அன்னைக்கே படிச்சிருக்கே," என்றாள் கனகா. "சொந்த அக்கா மகளைக் கட்டினவன் நீ, உன் ரத்தத்திலயும் அது இருக்கலாம். பாப்பாவுக்கும் அதே கோளாறு இருக்குமோன்னு பயந்து காதைக் காப்பாத்தினே. இனிமே பிள்ளை பெற முடியாத பெண்டாட்டியை மட்டும் பல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம உட்கார வெச்சே. ரத்தம் வரத்தான் செய்யும், தூங்குன்னியா?"

"எனக்கு ஒரு பையன் வேணும் மேடம்," என்றான் அவன். குரலில் துளி வெட்கம் இல்லை.

11.00. மகேஸ்வரி பிரேதப் பரிசோதனைக்குப் போனாள்; அவன் ஜீப்பில் ஏறினான். ஏறும்போது திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, பாப்பாவுக்குக் காது மட்டும் குத்திராதே."

பொன்னம்மா குழந்தையின் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள்.